கிள்ளான் வண்டியின் பின்கதவு

கோலாலம்பூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஆறு இட்லித் தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பதினாறு குழி. குழிக்குள் பொடிப்பொடி ஓட்டைகள். "வண்டி சாமானா?" என்று கையால் ஸ்டியரிங் சுற்றிக் காட்டிக் கேட்டார். பக்கத்து மேசையில் இருந்த தமிழ்ப் பெண் அதிகாரி அவருக்கு மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்கும் அதைத் தமிழில் சொன்னார்: "தினம் காலையில நீ பிரிக்ஃபீல்ட்ஸ்ல சாப்புடுற வெள்ளைச் சாமான் இதுலதான் படுத்துத் தூங்குதுன்னு சொன்னேன் அண்ணே." முதல் அதிகாரி சிரித்துக்கொண்டே பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

நான் நாமக்கல்லில் இருபத்திரண்டு வருஷமாகச் சுமை வண்டி ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் வண்டியில் ஏறினவர்கள் பேசக் கேட்டதுதான். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஆட்கள் சொல்கிற வார்த்தையில் ரெண்டு மூன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். இந்தப் பயணத்தின் முதல் வார்த்தையை டாக்சிக்காரர் கொடுத்தார். கிள்ளான் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "இங்க கிலோமீட்டர்ல சொல்ல மாட்டோம் பாஸ், ஜாம்ல சொல்லுவோம். கிள்ளான் ரெண்டு ஜாம் தூரம்" என்றார். சொன்னபடியே ரெண்டு ஜாம்தான். எங்கள் ஊரில் ஜாம் என்றால் ஹார்ன் சத்தத்தில் காது கிழியும். இங்கே நூறு வண்டி நிற்கிறது, ஒருத்தரும் ஹார்னைத் தொடவில்லை. ஏதோ துக்க வீட்டு வாசலில் நிற்கிறமாதிரி இருந்தது.

கிள்ளானில் என் தங்கச்சி மங்கை இருக்கிறாள். இட்லித் தட்டு கொண்டு வா என்று என்னைக் கூப்பிட்டது அவள்தான். கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷம். மாப்பிள்ளை குணா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். ரெட்டை வரிசை இருக்கை வைத்த பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். ஸ்பானர் பெட்டி, குழாய் எல்லாம் பின் இருக்கையில் பூட்டியிருக்கும். பின்னால் சாமான் ஏற்றுகிற திறந்த தொட்டி பெரும்பாலும் காலி.

நான் போய் இறங்கியபோது வண்டி வாசலில் நின்றது. தொட்டியின் பின்கதவு கீழே மடிந்து, நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி கிடந்தது. ஏதோ சாமான் இறக்குகிறார்கள் என்று கைகொடுக்கப் போனேன். தொட்டியில் ஒன்றுமில்லை.

"எப்பவும் அப்படித்தான் மச்சான்," என்றார் குணா, சாப்பிட உட்கார்ந்தபோது. "கதவை மூடினா காத்து உள்ள பூந்து கதவுல முட்டும். வண்டி பாராசூட்டைக் கட்டிக்கிட்டு ஓடற மாதிரி லா. தொறந்து விட்டா காத்து அது பாட்டுக்குப் போயிடும். எண்ணெய் மிச்சம்." இங்கே டீசலும் எண்ணெய்தான், பெட்ரோலும் எண்ணெய்தான். பேச்சின் வாலில் ஒட்டுகிற அந்த 'லா' இந்த ஊர்ப் பழக்கம்.

நான் தலையாட்டினேன். எங்கள் ஊரிலும் பாதி டிரைவர்கள் அதையேதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மங்கை எனக்குத் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றின கை ஒரு நொடி நின்றது. அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் காய் வாங்க மங்கையோடு லிட்டில் இந்தியா தெருவுக்குப் போனேன். பூக்கடை, புடவைக்கடை, காலையிலேயே பொரிகிற வடை. ஒரு பாத்திரக்கடை வாசலில் பார்த்தால், நான் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்த அதே இட்லித் தட்டு, அதே பதினாறு குழி, மாலை மாதிரி வரிசையாகத் தொங்குகிறது. கம்பெனி முத்திரைகூட அதேதான்.

"இங்கயே கிடைக்குதே மங்கை."

"தெரியும்ண்ணா. தட்டு சும்மா சாக்கு. நீ வரணும்னுதான்."

தே தாரிக் என்று இவர்கள் சொல்கிற, இழுத்து ஆற்றின டீக் கடையில் உட்காரவைத்துச் சொன்னாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தொழிற்சாலை கேன்டீன் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சமையல் ஆர்டர் எடுக்கத் தொடங்கியிருக்கிறாள். 'மங்கை சமையல்' என்று பெயர். பெயரையும் போன் நம்பரையும் அழகாக மஞ்சள் பெயின்ட்டில் எழுதவைத்தாள். எங்கே? வண்டியின் பின்கதவில். குணா தினமும் கோலாலம்பூருக்குப் போகிற ஃபெடரல் ஹைவேயில் போய் வருகிறார். பின்னால் ஆயிரம் கார் நிற்கும், ஆயிரம் பேர் படிப்பார்கள் என்று கணக்கு.

"இப்ப யாரு படிக்கிறா தெரியுமா? கதவு கவுந்து கெடக்கு. எழுத்து பூரா கீழ பாத்துட்டு இருக்கு. ஆறு மாசமா தார் ரோடு மட்டும்தான் என் பேரைப் படிக்குது."

ஆர்டர் மாதத்துக்கு ரெண்டு, மூன்று. அதுவும் தெரிந்தவர்கள். கேன்டீன் முதலாளியம்மா பழைய வேலையைத் திரும்பத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார். "நான் சொன்னா உன் மாப்பிள்ளைக்குக் கோவம் வராது, சிரிப்பாரு. உனக்கு என்ன வண்டியைப் பத்தித் தெரியும்பாரு. வண்டி விஷயத்துல நீ சொன்னாக் கேப்பாருண்ணா. நீ சொல்லு லா."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த 'லா' அவளிடமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். மாப்பிள்ளை சொல்வது சரி என்று நேற்று தலையாட்டிய ஆளே நான்தான். அது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. தங்கச்சிக்காகப் பொய் சொல்லலாம். ஆனால் வண்டி விஷயத்தில் பொய் சொன்னால் என் வாய் கோணிக்கொள்ளும். மங்கைக்கே அது தெரியும்.

அன்று மதியம் குணாவோடு, கோலாலம்பூரில் நம்ம ஆட்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போனேன். கிளம்பும்போது டேங்க்கை நிரப்பினார். இங்கே பங்க்கில் ஆள் வந்து ஊற்றுவதில்லை. நாமே குழாயைப் பிடித்து நாமே ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் "ஜீரோ பாத்துக்குங்க" என்று ஒருத்தர் சொல்வார். இங்கே ஜீரோவைப் பார்க்கிற வேலையும் நம்முடையதுதான்.

தொங்குகிற கதவோடு ஃபெடரல் ஹைவேயில் ஓடினோம். வழியில் குணா தன் நோட்டைக் காட்டினார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் 'திறப்பு', அந்தப் பக்கம் 'மூடல்'. மங்கையின் அண்டாவும் குண்டானும் ஏறுகிற ஆர்டர் நாளில் மட்டும் கதவு மூடல், மற்ற நாள் திறப்பு. ஒவ்வொரு நாளும் ஓடின தூரம், குடித்த எண்ணெய். பார்த்தால் எனக்கே வியர்த்தது. மூடல் பக்கம் நிஜமாகவே ஒவ்வொரு தடவையும் அதிகம். மனுஷர் சும்மா சொல்லவில்லை, அளந்து சொல்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிவீட்டு மோட்டாரைச் சரிசெய்த பிறகு வாழை இலைச் சோறு. தலைக்கு மேலே மோனோரயில் போக, கீழே பாகற்காய் வறுவலும் மோர் மிளகாயும் அப்பளக் குவியலுமாக இலை நிறைந்தது. பரிமாறின அண்ணன், நான் மூன்றாம் தடவை சோறு கேட்டதும், "பாஸ், நீங்க இலையில சாப்புடல, வயல்ல சாப்புடறீங்க" என்றார். அதையும் பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் மனசு நோட்டிலேயே இருந்தது. திரும்பும் வழியில் அதே பங்க்கில் டேங்க்கை நிரப்பி அளவு குறித்தார் குணா. எண்ணெய் கொஞ்சம்தான் பிடித்தது.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் கதவை மூடிட்டுப் போலாம் மாப்ள. என் கண்ணால பாத்துக்கறேன்" என்றேன்.

"பாருங்க மச்சான். அதே ரோடு, அதே தூரம். அப்பறம் நீங்களே உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

சனிக்கிழமை காலை குணா கதவைத் தூக்கிப் பூட்டினார். ஆறு மாதத்து மண்ணுக்குள்ளிருந்து மஞ்சள் எழுத்து மங்கலாக எட்டிப் பார்த்தது. நாங்கள் வண்டியில் ஏறவில்லை, அதற்குள் எதிர்வீட்டு லிம் அங்கிள் ரெண்டு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுபாங் ஜெயாவில் மகள் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாளாம், வழியில்தானே என்று மலாயில் சொல்லிக்கொண்டே ஏற்றினார். பின்வீட்டு அக்கா ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். "பிரிக்ஃபீல்ட்ஸ்ல மவன் ரூமு எடுத்திருக்கான் குணா, அப்படியே குடுத்துருப்பா." தெருமுனைக் கோயில் வாசலில் ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு குலை தள்ளின வாழை மரம், நாலு கூடை செவ்வந்தி. "நேத்து பாத்தேன், கதவு தொறந்திருந்திச்சு, கேக்கல. இன்னைக்கு மூடியிருக்கு, சரி வண்டி வேலையில இருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்தது. நேற்றும் இதே தெருவில்தான் வந்தோம். இதே லிம் அங்கிள் வாசலில் நின்று கையாட்டினார், அவ்வளவுதான். கதவில்லாத தொட்டியில் யார் சாமான் ஏற்றுவார்கள்? முதல் திருப்பத்திலேயே சிலிண்டர் ரோட்டில் உருளும். ஆக, மூடின கதவு இந்தத் தெருவுக்கு ஒரு பலகை மாதிரி. சாமான் ஏற்றலாம் என்று அர்த்தம்.

சுபாங் ஜெயாவில் சிலிண்டரை இறக்கி, மண்டபத்தில் வாழை மரத்தை இறக்கி, பையனின் மூன்றாம் மாடிக்கு அரிசியைத் தூக்கி, சுற்றோ சுற்று என்று சுற்றி, சாயங்காலம் பங்க்குக்கு வந்தோம். எண்ணெய் நிறையவே பிடித்தது. குணா ரசீதை எனக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களா. மூடினா குடிக்கும்னு சொன்னேன்ல?"

"மாப்ள, அந்த சிலிண்டர்?"

"எந்த சிலிண்டர்?"

"லிம் அங்கிளோடது. அரிசி மூட்டை. வாழை மரம். இதெல்லாம் எடை இல்லியா? சுத்தின தெரு கணக்கில்லியா?"

குணா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதெல்லாம் லோடா மச்சான்? நம்ம ஆளுங்க சாமான்."

நான் பங்க்கிலேயே தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். நோட்டு பொய் சொல்லவில்லை. மூடின நாளெல்லாம் அண்டா நாள், சிலிண்டர் நாள், பக்கத்து வீட்டு மூட்டை நாள். திறந்த நாளெல்லாம் வெறும் தொட்டி. தெருவையே சுமந்த எடையை இந்த மனுஷர் கதவின் தலையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்தவர் சாமானைச் சுமை என்று நினைக்கத் தெரியாத ஆள்தான் இப்படித் தப்புக் கணக்குப் போட முடியும். இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் ஊரில் நான் ஒருத்தருக்கும் சும்மா ஒரு செங்கல்கூட ஏற்றிக்கொடுத்ததில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். நோட்டுக் கணக்கு தப்பு என்றால், கதவால் நிஜமாக எண்ணெய் கூடுகிறதா, குறைகிறதா? "நாளைக்கு வெறும் வண்டி," என்றேன். "தெருமுனையில யாரு கையைக் காட்டினாலும் நிக்கக்கூடாது." குணா முகம் வாடிப்போனது. லிம் அங்கிளிடம் முன்கூட்டியே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோடு காலி. கிள்ளானிலிருந்து சுங்கை பூலோ வழியாக ரவாங் போய் அப்படியே திரும்புவது. ஒரு தடவை கதவைத் திறந்து, ஒரு தடவை மூடி. ரெண்டு தடவையும் அதே பங்க், அதே குழாய், வண்டி நிற்கிற இடத்துக்குக்கூடச் சாக்பீஸ் கோடு போட்டேன். ஏசி கிடையாது. தொண்ணூறுக்கு மேலே முள் போகக்கூடாது. மங்கை வாழை இலையில் இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். ரவாங்கில் நான் பொட்டலத்தைப் பிரித்ததும் குணா பதறினார்.

"மச்சான், இப்ப சாப்பிட்டா கணக்கு கெட்டுடாதா?"

"இட்லி மடியில இருந்தா என்ன, வயித்துல இருந்தா என்ன மாப்ள, வண்டிக்கு எடை ஒண்ணுதான்."

யோசித்துப் பார்த்து அவரும் நாலு இட்லி சாப்பிட்டார். சட்னி தேடி வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று மட்டும் ஒப்பந்தம்.

முதல் தடவை கதவு திறந்து ஓடினோம். தொட்டியில் நேற்றைய செவ்வந்தி இதழ்கள் கிடந்தன. நெடுஞ்சாலையில் ஏறியதும் எல்லாம் பின்பக்கமாக ஓடிப்போய்விட்டன. ரெண்டாம் தடவை கதவை மூடியபோது இட்லி கட்டின இலையைக் கிழித்து நாலைந்து துண்டு தொட்டியில் போட்டேன். ஓடும்போது பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இலைத்துண்டுகள் கதவுப் பக்கம் போகவில்லை. தொட்டியின் தரையோடு முன்னால் நகர்ந்து நகர்ந்து எங்கள் முதுகுப் பக்கம் வந்தன. ஒன்று எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடியிலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

"மாப்ள, காத்து கதவுல முட்டல. அங்க பாருங்க."

குணா கண்ணாடியில் பார்த்தார். மூடின தொட்டிக்குள் காற்று நாய்க்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கொள்கிறது. மேலே வருகிற காற்று அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. என் படிப்புக்கு அவ்வளவுதான் சொல்ல வரும். பாராசூட்டு எதுவும் இல்லை.

பங்க்கில் ரெண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். மூடி ஓடினதுதான் குறைச்சல். எவ்வளவு குறைச்சல்? ஒரு டீ கிளாஸ். குழாய் ஒரு நொடி முன்னே பின்னே நின்றாலே அந்த ஒரு கிளாஸ் காணாமல் போகும். சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். குணா ரசீதுகளை மடித்துப் பையில் வைத்தார்.

வீட்டில் நான் நடந்ததைச் சொன்னேன். மங்கை கைகழுவிக்கொண்டே கேட்டாள். "எனக்கு அந்த ஒரு கிளாஸ் வேண்டாம்ண்ணா. கதவு மூடுமா மூடாதா, அதச் சொல்லு."

குணாதான் பதில் சொன்னார். "ஒங் கடைக்காகத்தான் எண்ணெய் மிச்சம் புடிச்சேன் மங்கை. மிச்சமானது ஒனக்கு அண்டா வாங்கவாவது ஆகும்னு."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து வெளியே போனார். கதவு ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு தடவை திறந்து, மறுபடி தூக்கி மூடினார். அந்தச் சத்தம் சமையலறைவரை கேட்டது. மங்கை வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை ஃபெடரல் ஹைவேயில் சுபாங் ஜெயா பக்கம் நல்ல ஜாம். வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. திடீரென்று பின்னால் ஒரு ஹார்ன். இந்த ஊரில் நான் கேட்ட முதல் ஹார்ன். ஒரு வெள்ளைக் கார் எங்களை ஒட்டி வந்து கண்ணாடியை இறக்கியது. ஓட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும்.

"பாஸ், பின்னால போட்டிருக்க சமையல் ஒங்களுதா? கடைசி நம்பர் மூணா, எட்டா? மண்ணு மறைக்குது லா."

குணா வாயைத் திறந்தார். மூடினார். பெண்டாட்டி நம்பரைப் போனில் பெயராக வைத்திருக்கிறவருக்கு நம்பர் எங்கே தெரியும்? என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது, நானும் 'தங்கச்சி' என்றுதான் வைத்திருக்கிறேன். முன்னால் கார் நகர்ந்துவிட்டது. பின்னால் இன்னொரு ஹார்ன்.

"ஒரு நிமிசம் ஆன்டி," என்று சொல்லிவிட்டு, நடு ரோட்டில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, இறங்கிப் பின்பக்கம் ஓடினார் என் மாப்பிள்ளை. கைக்குட்டையை எச்சில் தொட்டுத் தேய்த்தார். "எட்டு ஆன்டி, எட்டு" என்ற சத்தம் எனக்கு முன்சீட்டில் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது கைக்குட்டை முழுக்கக் கறுப்பு. அதை மடித்து, புதுத்துணி மாதிரி பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

பதினொன்றரை மணிக்கு மங்கை போன் செய்தாள். அந்த வெள்ளைக் கார் அம்மாதான், சுபாங் ஜெயாவில் புதுமனை புகுவிழா, எண்பது பேருக்குச் சாப்பாடு. குணா கேட்டார், "கேன்டீனுக்கு என்ன சொல்லப் போற? இன்னைக்குத்தானே கடைசி?"

"எட்டு மணிக்கே வரலைன்னு சொல்லிட்டேன்."

"அப்ப இந்த ஆர்டரே வரலியே?"

"வரலதான். வண்டி தெருமுனை திரும்புறப்ப என் பேரு திரும்புறதப் பாத்தேன். போன் பண்ணிட்டேன்."

செவ்வாய்க்கிழமை என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டது குணாதான். தொட்டியில் என் பெட்டியோடு, அந்த வழியாகப் போகிறதென்று லிம் அங்கிள் கொடுத்த ஒரு பழைய மேசை மின்விசிறியும் ஏறியிருந்தது. இட்லித் தட்டுகள் மங்கையிடம். எண்பது பேருக்கு எல்லாம் வேண்டியிருக்கும்.

விமான நிலையத்துக்குக் காலியான நல்ல ரோடு ஒன்று பிரிகிற இடம் வந்தது. குணா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வெமானத்துக்கு நேரம் இருக்கா மச்சான்?"

"நாலு மணி நேரம் இருக்கு."

"அப்ப ரெண்டு ஜாம் சேத்தே போலாம்" என்று வண்டியைக் கூட்டத்துக்குள் விட்டார். ஒரு கிளாஸ் எண்ணெய்க்காக ஆறு மாதம் நோட்டு எழுதினவர், எஞ்சினை ஓடவிட்டபடி சாவகாசமாக நின்றார். பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் ஒரு லாரி தெரிந்தது. டிரைவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கள் பின்கதவை உதடு அசைய எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ரோடு திறந்தது. குணா உடனே நகரவில்லை.

"படிச்சு முடிக்கட்டும் மச்சான்," என்றார்.